ஆங்கிலத்தில் கரைகாண மைசூர் வழி

ஆங்கிலம் ஓரளவு வரும் என்பது ஒரு தீராத வியாதி. செய்தித்தாள் புரிகிறது, மேலாளரின் மின்னஞ்சல் புரிகிறது, அதில் ஒளிந்திருக்கும் திட்டுகூடப் புரிகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் மட்டும் கை நடுங்குகிறது. இந்த நிலையில் பல வருடமாகத் தங்கிவிட்ட தமிழர்களுக்கு என் சிபாரிசு மைசூர். அங்கே நம் ஆள் ஒருவர் ஏற்கெனவே இந்த வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறார். அவர் செய்ததை அப்படியே செய்தால் போதும்.

முதல் வேலை, ஆங்கிலத்தில் ஃபெயிலாக வேண்டும். ஆங்கில நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் அதைத்தான் செய்தார். சென்னையில் பிறந்து வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். அப்பா மைசூரில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் கோட்டை விட்டார். இன்றைக்கென்றால் மறுநாளே டியூஷனில் தள்ளியிருப்போம். அவருக்கு ஒரு வருடம் சும்மா கிடைத்தது. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் கவிதைத் தொகுப்பும் கையுமாக உட்கார்ந்து படித்தார். ஆங்கிலத்தில் கரைகண்டவர் என்று இவரைச் சொன்னால் அது வெறும் உபசாரம் அல்ல. 1926இல் தேறினார். மகாராஜா கல்லூரியில் மூன்று வருடப் பட்டத்தை நான்கு வருடம் நிதானமாகப் படித்து 1930இல் வெளியே வந்தார். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளின் விளம்பரம் முப்பதே நாள் என்கிறது. அவசரக்காரர்கள் அங்கே போகலாம்.

அடுத்தது ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். இது இல்லாமல் யாரும் முன்னேறியதாகச் சரித்திரம் இல்லை, இதைப் படித்து முடித்தவர்களையும் நான் பார்த்ததில்லை. பழைய பிரதியாக வாங்குங்கள். பெயர்ச்சொல் பாடம் வரை பென்சில் அடிக்கோடு இருக்கும்; அதற்கு மேல் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். ரென் எழுதிய இன்னொரு புத்தகத்தைத்தான் ஒரே மூச்சில் முடிப்பீர்கள். அது 1924இல் வந்த 'போ ஜெஸ்ட்', பாலைவனத்தில் பிரெஞ்சுப் படை வீரர்கள் சண்டையிடும் சாகச நாவல். இலக்கணம் எழுதிய கைக்கும் அவ்வப்போது ஓய்வு தேவைப்பட்டிருக்கிறது.

விதிகளில் 'தி' ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தமிழில் அப்படி ஒன்று கிடையாது, ஆகவே எங்கே வரும் என்பது நமக்கு உள்ளூரத் தெரியாது. மணமக்கள் மேல் அட்சதை தூவுவதுபோல வாக்கியம் முழுக்கத் தூவிவிடுங்கள். சில சரியான இடத்தில் விழும். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று சொல்லாதீர்கள் என்பார்கள். சகோதரர்கள் இருப்பதும் தொடர்ந்து நடக்கிற காரியம்தானே என்று வாதாடிப் பாருங்கள். மார்க் கிடைக்காது, ஆனால் ஆசிரியர் ஒரு நிமிடம் யோசிப்பார்.

மைசூரின் அசல் சௌகரியம் 'ஒன்லி'யில் இருக்கிறது. நாம் 'இங்கேதான்' என்பதை 'ஹியர் ஒன்லி' ஆக்குகிறோம். கன்னடக்காரர் 'இல்லே' என்று ஏகாரத்தை நீட்டுவதை அதே 'ஹியர் ஒன்லி' ஆக்குகிறார். இரண்டு மொழிக்காரர்கள் இரண்டு பக்கத்திலிருந்து வந்து ஒரே பிழையில் சந்தித்துக் கை குலுக்குகிறார்கள். தேவராஜா மார்க்கெட்டில் இந்த ஆங்கிலத்தால் யாருக்கும் ஒரு முழம் மல்லிகை குறைந்ததில்லை. இதைத் திருத்தப் புறப்படுகிறவர்கள் முதலில், தேதியை முன்னுக்குக் கொண்டுவரும் 'பிரிபோன்' பட்ட பாட்டை விசாரித்துக்கொள்ளட்டும். தப்பு தப்பு என்று தலையில் குட்டப்பட்ட அந்த இந்தியச் சொல் இன்று ஆக்ஸ்போர்டு அகராதியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

சொல்வளத்துக்கு இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று சசி தரூர் பள்ளி. 2018இல் தன் புத்தகம் ஒன்றை அறிவிக்கும்போது 'ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன்' என்று எழுதி நாட்டையே அகராதி புரட்ட வைத்தார். 29 எழுத்து; பொருள், ஒன்றை மதிப்பற்றது என்று தள்ளுவது. நாராயண் மறைந்த 2001இல் அவருடைய நடை தட்டை, சொல்வளம் போதாது என்று எழுதியவரும் இதே தரூர்தான். மற்றது நாராயண் பள்ளி: தெரிந்த சொல்லை வைத்துக் கதை சொல்லிவிட்டுப் போவது. 1935இல் அவருடைய முதல் நாவலைக் கரை சேர்த்த ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீன், பெயரைக்கூடச் சுருக்கச் சொன்னார். நாராயணஸ்வாமி நாராயண் ஆனார். அந்தப் போதாத சொல்வளத்தில் எழுதிய 'தி கைடு' 1960இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. ஆங்கிலத்தில் எழுதிய இந்தியர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. பள்ளியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் இஷ்டம். இன்டர்வியூவில் 29 எழுத்துச் சொல்லை எடுத்து விடும்முன் எதிரில் இருப்பவர் முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் தேறிய பிறகு ஆசிரியர் வேலைக்குப் போகலாம், நீடிக்க வேண்டிய அவசியமில்லை. டிரில் மாஸ்டருக்குப் பதிலாகப் போகச் சொன்னார்கள் என்று நாராயண் வேலையை விட்டார். 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலின் வகுப்பறையை எழுத அந்த அனுபவமே போதுமானதாக இருந்தது.

1986இல் அவரை மாநிலங்களவைக்கு நியமித்தார்கள். அங்கே அவர் ஆங்கிலத்தின் மேன்மையைப் பற்றிப் பேசவில்லை, பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பையின் கனத்தைப் பற்றிப் பேசினார். உங்கள் வீட்டுப் பையில் ரென் அண்ட் மார்ட்டின் இருந்தால் எடுத்து அலமாரியில் வையுங்கள். பெயர்ச்சொல் பாடம் வரை பிள்ளை எப்படியும் முடித்திருக்கும்.