காக்ஸ் டவுன் மாடியறைகளில் கைத்தாளப் பிழை: ஒரு முன்னாய்வு

கைவாத்தியம் என்பது கையால் வாசிக்கப்படுவது என்ற பழைய இலக்கணம் காக்ஸ் டவுனில் செல்லாது. பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய இப்பகுதியின் மாடியறைகளில் மிருதங்கமும் கஞ்சிராவும் டோலக்கும் மவுஸாலும் வாசிக்கப்படுகின்றன. காரணம் கலை அல்ல, சுவர். இரவு பதினொரு மணிக்குத் தொப்பியில் ஒரு 'தொம்' போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவில் அதற்கு அனுபல்லவி பாடுவார்.

இத்துறையின் ஆதி அநீதி 1991இல் நிகழ்ந்தது. மின்னிசைக் கருவிகளுக்கான அவ்வாண்டின் ஜெனரல் மிடி ஒலிப்பட்டியல் தாளக்கருவிகளுக்கு 35 முதல் 81 வரை 47 எண்களை ஒதுக்கியது. பிரேசிலின் குய்க்கா ஒன்றுக்கு இரண்டாக இடம் பிடித்தது. சிதாரும் ஷெனாயும்கூட வேறு வரிசையில் நுழைந்துவிட்டன. மிருதங்கத்துக்கும் தபலாவுக்கும் பந்தியில் இலை போடப்படவில்லை. ஆகவே மிருதங்கத்தைத் தனி சாம்பிள் தொகுப்பாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிடித்த பிறகு சுருதிச் சிக்கல். கரணை பூசிய தோலின் மேல்சுரங்கள் ஒத்திசைவாக அமைவதை, பின்னாளில் பெங்களூரிலேயே குடியேறிய சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டினார். வலந்தலைக்குத் திட்டமான சுருதி இருப்பது அதனால்தான். ஆனால் பதிவை ஒன்றிரண்டு கட்டைக்கு மேல் ஏற்றினால் சுருதி மட்டும் ஏறாது. பலாக்கட்டையே சுருங்கியதுபோல் ஒலிக்கும்.

அடுத்தது, கை வாசித்ததாகத் தோன்றச் சேர்க்க வேண்டிய பிழை. வேகம் நிமிடத்துக்கு 125 பீட், ஒரு பீட்டுக்கு 480 டிக் என்று வைத்தால் ஒரு டிக் சரியாக 1 மில்லிசெகண்ட். ஹ்யூமனைஸ் பொத்தான் ஒவ்வோர் அடியையும் இந்த டிக்குகளில் முன்னும் பின்னும் குலுக்கிப் போடும். அது கைப்பிழை ஆகாது. கை காரணத்தோடுதான் தவறும்: கோர்வை நெருங்கினால் காலப்பிரமாணம் ஓடும், சமத்தில் விழும் அடி கனக்கும், இடையில் வரும் நிரப்படிகள் மெலியும். அடியின் வலுவைச் சொல்லும் வெலாசிட்டி 127 வரை உண்டு என்பதற்காக எல்லா அடியையும் 120இல் வைப்பவர் வாசிப்பது மிருதங்கம் அல்ல, தண்டோரா. ஒரே 'நம்' பதிவு பதினாறு முறை வந்தாலும் குட்டு வெளிப்படும். மூன்று நான்கு பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிட வேண்டும்.

கஞ்சிராதான் உண்மையான சோதனை. வாசிக்குமுன் தோலின் உட்புறத்தில் நீர் தெளிப்பார்கள், சுருதி இறங்கும். இடக்கை விரல்கள் தோலை அழுத்த, அடி 'கும்ம்' என்று வளைந்து மேலேறும். இதற்குப் பிட்ச் பெண்ட் போதும். ஆனால் கச்சேரி போகப்போகத் தோல் காய்ந்து சுருதி தானே ஏறும் என்பதை எந்த மென்பொருளும் நினைவூட்டாது. மனசாட்சியுள்ள தயாரிப்பாளர் பாட்டு நெடுகச் சுருதியை நூலளவு ஏற்றிக்கொண்டே வந்து, பாட்டின் நடுவே ஓரிடத்தில் மீண்டும் 'தண்ணீர் தெளிக்க' வேண்டும். அசல் கஞ்சிராவின் உடும்புத்தோல் கையில் இல்லாததால் வனத்துறை பயம் மட்டும் அவருக்கு இல்லை.

எதிரொலி குறைவாக இருக்கட்டும். பத்தடி அறையில் வாசித்த டோலக் தேவாலயத்தில் வாசித்ததுபோல் முழங்கினால் யாரும் நம்பமாட்டார்கள்.

தேர்வாளர் வீட்டிலேயே உண்டு: கூடத்தில் கீரை ஆயும் பாட்டி. கதவைத் திறந்து வைத்துப் பாட்டை ஓடவிட வேண்டும். "யாருடா வாசிக்கிறது?" என்றால் தேர்ச்சி. "அந்த டொக்கு டொக்கை நிறுத்துடா" என்றால் மறுபடி வெலாசிட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.