வெளிநாட்டில் வாத்தியார்: கேள்வி - பதில்

கே: ஆப்பிரிக்காவில் ஓரிரு வருடம் பாடம் நடத்த ஆசை. பணம் யார் தருவார்கள்? (பேராசிரியர், கும்பகோணம்)

ப: வழி மூன்று. 1964-இல் தொடங்கிய 'ஐடெக்' திட்டத்தில் நம் வெளியுறவு அமைச்சகம் செலவை ஏற்று நிபுணர்களை அனுப்புகிறது. ஆனால் அந்த நாடு முதலில் கேட்க வேண்டும். 1950-இல் மௌலானா ஆசாத் தொடங்கிய இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கைகள் வைத்து இங்கிருந்து பேராசிரியர்களை அனுப்புகிறது. மூன்றாவது, அழைக்கிற நாடே சம்பளம் தருவது. எத்தியோப்பியாவுக்கும் எரித்ரியாவுக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் போனது இப்படித்தான். சம்பளம் டாலரிலா உள்ளூர்ப் பணத்திலா, வீடு உண்டா, லீவுக்கு ஊர் வந்து போக டிக்கெட் உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

கே: டிக்கெட் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? (விரிவுரையாளர், பாபநாசம்)

ப: கவலையே அப்போதுதான் ஆரம்பம். திரும்பி வரும்போது உங்கள் நாற்காலி இருக்க வேண்டும். லியன், சீனியாரிட்டி, இன்கிரிமென்ட், பென்ஷன் பங்களிப்பை யார் கட்டுவது, எல்லாவற்றுக்கும் ஆர்டர் கையில் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நீங்கள் போனபின் உங்கள் வகுப்பை எடுக்கப்போவது தொகுப்பூதியம் வாங்கும் ஒரு கௌரவ விரிவுரையாளர். போகிறவருக்குப் பணம் தருகிற எந்தத் திட்டமும் அவருக்கும் கௌரவமான சம்பளம் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் மன்னார்குடி மாணவனின் செலவில் மலாவி மாணவனுக்குப் பாடம் நடத்துகிறோம் என்றுதான் அர்த்தம்.

கே: நம்ம பிள்ளைகளுக்கே வாத்தியார் பத்தலை. அடுத்த நாட்டுக்கு எதுக்குங்க அனுப்பணும்? (விவசாயி, திருவாரூர்)

ப: நியாயமான கோபம். ஆனாலும் ஐயா, உங்கள் வயலில் கோனோவீடர் ஓடியிருக்கிறதா? ஒற்றை நாற்று நட்டிருக்கிறீர்களா? அந்தப் பாடம் வந்தது மடகாஸ்கரிலிருந்து.

ஆன்ரி டெ லோலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1961-இல் அந்தத் தீவுக்குப் போனார். வருடக்கணக்காக அங்கத்திய விவசாயிகளோடு வயலில் நின்றார். 1981-இல் கிராமத்து இளைஞர்களுக்காக ஒரு வேளாண் பள்ளி ஆரம்பித்தார். 1983-இல் மழை ஏமாற்றியது. பதினைந்தே நாள் வயதான நாற்றைப் பிடுங்கி நட வேண்டிய கட்டாயம். தேறாது என்று நினைத்த பயிர் தூர் கட்டியது. இளநாற்று, குத்துக்கு ஒன்று, சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், களையை மண்ணுக்குள்ளேயே மடக்கி அமுக்கும் கருவி. இப்படித் திரண்ட முறையை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் உலகெங்கும் எடுத்துச் சொன்னார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஐ ஒட்டிச் சோதித்துப் பார்த்து, 'திருந்திய நெல் சாகுபடி' என்று நமக்குக் கொடுத்தது. மேட்டூர் எப்போது திறக்கும் என்று வானத்தைப் பார்க்கிற நமக்கு, தண்ணீரை மிச்சம் பிடிக்கிற பாடம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழை நாட்டுக்குப் போன ஒரு வாத்தியார் அங்கே கொடுத்ததைவிட எடுத்தது அதிகம்; அதில் நமக்கும் பங்கு கிடைத்தது. அனுப்பத்தான் வேண்டும்.

கே: தமிழ் வாத்தியாருக்கு வெளிநாட்டில் யாராவது காசு கொடுத்திருக்கிறார்களா? (மாணவி, தஞ்சாவூர்)

ப: கொடுத்தது கூலித் தொழிலாளிகள்! 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வந்தபோது, அதில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. அவர் பிறந்தது திருவாரூர். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் உழைத்துப் பிழைத்தவர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த வெள்ளி அது. அந்தத் துறைக்குத்தான் 1961-இல் யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள் தலைவராக வந்தார்.

கே: சென்னை ஐ.ஐ.டி. ஆப்பிரிக்காவில் கிளை திறந்திருக்கிறதாமே? (வாசகர், நாகப்பட்டினம்)

ப: ஆமாம், 2023-இல், தான்சானியாவின் சான்சிபார் தீவில். வெளிநாட்டில் திறந்த முதல் ஐ.ஐ.டி. வளாகம் அதுதான். அதன் பொறுப்பாளர் பிரீத்தி அகலாயம், ஐ.ஐ.டி. ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்.

கே: நெல் பாடம் நடத்த ஒரு மாதம் போய் வந்தால் போதாதா? (வேளாண் மாணவர், ஒரத்தநாடு)

ப: ஒரு மாதத்தில் நாற்றங்காலைத்தான் பார்க்கலாம் தம்பி. விதை நேர்த்தியிலிருந்து களத்துமேடு வரை ஒரு போகமாவது அந்த ஊர்ச் சேற்றில் நிற்காதவர் அங்கே என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? சொல்லிக்கொடுக்க நம்மிடம் சரக்கு உண்டு: ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. தமிழக அரசு 2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடுகிறது. ஆப்பிரிக்க நெல் நாடுகளுக்கு நம் வேளாண் ஆசிரியர்களை முழு ஒரு வருடம் அனுப்பவும், இங்கே அவர்கள் இடத்தில் நிற்பவருக்குச் சம்பளம் கொடுக்கவும் அதில் ஒரு தலைப்பு வேண்டும். உங்கள் கல்லூரியிலிருந்தே மனு எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.