கேட் மணியக்காரருக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
ரயில்வே கேட் அவர்கள்,
தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலை,
நீடாமங்கலம்.

ஐயா,

உங்கள் ஊரில் ஒரு சின்ன விடுதியில் இரண்டு ராத்திரி தங்கிய வழிப்போக்கன் எழுதிக்கொள்வது. தூங்க விடாமல் அடித்த உங்கள் மணியைக் கேட்டபடி படுத்திருந்தபோதுதான் புரிந்தது: யமுனாம்பாள் சத்திரத்து உத்தியோகம் இப்போது தங்கள் கையில் இருக்கிறது.

பிரதாபசிம்மர் தஞ்சையை ஆண்டது 1739 முதல் 1763 வரை. அவருடைய துணைவி யமுனாம்பாள் பேரில் இங்கே சத்திரம் எழுந்தது. ஊருக்கே அப்போது யமுனாம்பாள்புரம் என்று பேர். மன்னரின் பேரன் முறையான இரண்டாம் சரபோஜி, தஞ்சைச் சீமைச் சத்திரங்களைக் காப்பாற்றச் சொல்லி 1801-ல் கும்பெனி ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தச் சத்திரங்களில் நடுநிசியில் மணி அடிப்பார்களாம். இன்னும் சாப்பிடாதவர்கள் எழுந்து வந்து சாப்பிட வேண்டுமாம். நோயாளிக்கு வைத்தியம், குழந்தைக்குப் பால், பிள்ளை பெற்றவளுக்கு மூன்று மாதப் பராமரிப்பு.

நீங்களும் மணி அடிக்கிறீர்கள். நாங்களும் நிற்கிறோம். திருவாரூர் வண்டி, 2011-ல் மறுபடி உயிர்பெற்ற மன்னார்குடி வண்டி, இன்ஜின் திசை மாற்றம், நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் என்று வரிசையாக உபசாரம். அந்தக் கூட்ஸில் போவது எங்கள் டெல்டா நெல்தான். அது எங்களைக் கடந்து போகும்வரை நாங்கள் பட்டினியாக நின்று வழியனுப்ப வேண்டும். ஜன்னலோரம் நீட்டுகிற வெள்ளரிப்பிஞ்சுக்கும் காசு.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களைப் பாராட்ட வேண்டும். பழைய பந்திகளில் சாதி உட்கார்ந்திருந்தது. 1937-ல் இதே ஊரில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் உட்கார்ந்த தலித் மக்களுக்குக் கிடைத்தது அடியும் மொட்டையும் சாணிப்பாலும். உங்கள் பந்தியில் அந்தப் பேதம் கிடையாது. மிராசுதார் காரும் கூலியாள் சைக்கிளும் ஒரே வரிசையில் காய்கின்றன. யாருக்கும் எதுவும் இல்லை என்கிற சமத்துவம்.

சந்தான ராமர் கோயிலுக்குப் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் உங்களைத் தாண்டித்தான் போகிறார்கள். வரம் பலித்த பிறகு, வலியோடு ஆம்புலன்ஸில் வருகிறவளும் உங்கள் முன்னால்தான் நிற்க வேண்டும். அவளுக்கு யமுனாம்பாள்புரத்தில் மூன்று மாதம் வேண்டாம் ஐயா, மூன்று நிமிஷம் போதும்.

மேம்பாலம் வரும் என்று பல வருஷமாகச் சொல்கிறார்கள். வந்தால் தங்களுக்கு ஓய்வு. அதுவரை, நடுநிசிக் கூட்ஸுக்கு மணி அடிக்கும்போது ஒரு குண்டான் சோறும் கொஞ்சம் மோரும் தயாராக வைக்க ஆவன செய்யுங்கள். அரிசிக்கு அலைய வேண்டாம். எதிரிலேயே வேகன் வேகனாகப் போகிறது.

இப்படிக்கு,
ஏழாவது லாரிக்குப் பின்னால் நிற்பவன்