வெள்ளைப்பூண்டு கறுத்த கதை

லினோகட் என்ற அச்சுக்கலையை ஏழைகளின் ஓவியக் கலை என்பார்கள். உண்மைதான். கான்வாஸ் வேண்டாம், வண்ணப் பெட்டி வேண்டாம், அச்சு இயந்திரம்கூட வேண்டாம். ஒரு துண்டு லினோலியம், நாலு சின்ன உளி, கொஞ்சம் மை, ஒரு ரோலர் போதும். மிச்சமெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தால் கொடைக்கானல் மலையிலுள்ள பூண்டியில் ஒரு குடும்பமே பாதிக்கப்பட்டிருக்கிறது. நான் மட்டும் சௌக்கியமாக இருக்கிறேன்.

எல்லாம் ஊர்ப்பற்றில் ஆரம்பித்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பேர்ப்பட்ட பூண்டை வெறும் பையில் போட்டு விற்பதா? பைக்கு ஒரு படம் வேண்டாமா? நானே செதுக்கி, நானே அச்சடிப்பேன் என்று வீட்டில் அறிவித்தேன். யாரும் பதில் பேசவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அந்த மௌனத்துக்கு அர்த்தம் தெரியவில்லை பாருங்கள்.

மதுரையில் தரைவிரிப்புக் கடை ஒன்றில் லினோலியம் கேட்டால் வினைல் ஷீட்டை எடுத்து நீட்டினார்கள். அது பிளாஸ்டிக் சாதி. லினோலியம் வேறு. பெயிண்ட் டப்பாவுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஆடை கட்டியிருப்பதைப் பார்த்து, இதில் தரைவிரிப்பு செய்தால் என்ன என்று யோசித்தவர் இங்கிலாந்தின் ஃபிரடெரிக் வால்டன். 1863-ல் காப்புரிமை வாங்கினார். இறுகிய எண்ணெயோடு கார்க் தூளும் பிசினும் சேர்த்துச் சாக்குத்துணி மேல் அழுத்தினால் லினோலியம். பெயரே லத்தீனில் ஆளி, எண்ணெய் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. மரத்துக்கு இருப்பதுபோல் இதற்கு நரம்போட்டம் கிடையாது. உளி எந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் ஓவியர்கள் தரையிலிருந்து மேஜைக்கு ஏற்றிவிட்டார்கள். இதை இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினேன்.

“ஏங்க, உங்க கொழுப்புக்கு டாக்டர் ஆளிவிதையைத் தின்னத்தானே சொன்னாரு?” என்றாள் மனைவி. “செதுக்கவா சொன்னாரு? இது அந்தக் கொழுப்பு இல்ல போலிருக்கு.”

தபாலில் லினோ வந்து சேர்ந்தது. பூண்டிக் குளிரில் அது விறைத்துப்போனது. விறைத்த லினோ உளிக்கு மசியாது, ஓரம் பொடிந்து உதிரும். இளஞ்சூடு காட்டினால் வெண்ணெயாய் வெட்டுப்படும். வெயிலை நம்ப முடியாத ஊரில் சூட்டுக்கு எங்கே போவது? அம்மா முட்டிவலிக்கு வைத்திருந்த வெந்நீர்ப் பை லினோவுக்கு மாறியது. “வலி எனக்கா, அதுக்கா?” என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

லினோகட்டில் செதுக்கி எடுத்த இடத்தில் மை ஒட்டாது, அங்கே காகிதம் வெள்ளையாகவே நிற்கும். விட்டுவைத்த மேடுதான் கறுப்பாகப் பதியும். படமும் எழுத்தும் இடம்வலம் மாறி விழும். ஆகவே ‘பூண்டி’ என்பதைக் கண்ணாடி பார்த்து இடம்வலம் மாற்றி எழுதப் பயின்று, பால் கணக்கைக்கூட அப்படியே எழுதும் அளவுக்குத் தேறினேன். எழுத்து கம்பீரமாக விழுந்தது. பூண்டைத்தான் ஓரக்கோடு மட்டும் கீறிவிட்டு உள்ளே அப்படியே விட்டிருந்தேன். அச்சில் வெள்ளைப்பூண்டு தார் உருண்டையாக வந்தது.

நான் அசரவில்லை. சாந்திநிகேதனின் ஓவியர் நந்தலால் போஸ் தண்டி யாத்திரைக் காந்தியை 1930-ல் லினோவில் இப்படித்தான் செதுக்கினார். கறுப்பு வெளியில் வெள்ளைக் கோடுகள், கையில் கோல், ஓர் எட்டு முன்னே. அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு கோடு தேவைப்படவில்லை. இதைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் எடுத்துச் சொன்னேன்.

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி தம்பி. அழுகுன பூண்டை எவன் வாங்குவான்?” என்றார்.

அச்சடிப்பதற்கும் வீடே உதவியது. மை தடவிய லினோ மேல் காகிதத்தை விரித்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் போதும். அன்று சாதம் பரிமாறத் தட்டு வந்தது. எண்ணெய் மையைத் துடைக்கச் சமையல் எண்ணெய் போதும். அன்று தாளிப்பு நின்றது. மலை ஈரத்தில் மை லேசில் காயாது என்பதால் அச்சடித்த படங்களை அடுப்பங்கரைக் கொடியில் தொங்கவிட்டேன். வங்கப் பஞ்சத்தை 1943-ல் நேரில் போய் வரைந்த ஓவியர் சித்தபிரசாத், பின்னாளில் உழைக்கும் குழந்தைகளை லினோவில் செதுக்கினார். ஒரே கட்டையிலிருந்து மலிவாகப் பல பிரதிகள் எடுக்கலாம், படம் எல்லோர் வீட்டுக்கும் போகும். என் படங்கள் எல்லாம் என் வீட்டிலேயே இருந்தன. குனியாமல் யாரும் அடுப்படிக்குப் போக முடியவில்லை.

அடுத்து கலர் என்று அறிவித்தேன். அதற்குப் பிகாசோ கையாண்ட முறை ஒன்று உண்டு. அவர் ஒரே லினோவைக் கொஞ்சம் செதுக்கி ஒரு நிறம், மேலும் செதுக்கி அடுத்த நிறம் என்று அச்சடித்தார்.

“அப்படின்னா கடைசியில அந்தக் கட்டை?” என்றாள் மனைவி.

“செதுக்கிச் செதுக்கியே தீர்ந்துபோகும். மறுபடி ஒரு பிரதிகூட எடுக்க முடியாது.”

“முதல்ல அதைச் செய்யுங்க.”

மருமகளின் பேச்சை அம்மா ஆமோதித்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். “யாரு பெத்த பிள்ளையோ, அந்தப் பிகாசோ!” என்றார். “பண்ணின வேலையை அவனே இருந்து ஒழிச்சுக்கட்டிட்டுப் போயிருக்கான் பாரு.”