கடைவாய்ப் பல்லும் கருங்காலி நாகபாசமும்

ஜாஸ் கிட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்தபடி கற்றது. நியூ ஜெர்சியில் எனக்கு வாய்த்த பல் டாக்டர் அப்படி. ஊசி போட்டபின் ஈறு மரத்துப்போகப் பத்து நிமிடம் பிடிக்கும் அல்லவா, அந்தப் பத்து நிமிடம் அவருக்கு உபன்யாச நேரம். கேட்பவரால் 'ஆ' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாது. அதை அவர் 'ஆஹா' என்று எடுத்துக்கொள்வார்.

"உங்களுக்கு ஆர்ச்டாப் தெரியுமா?"

"ஆ."

"அடடா, தெரிந்தவர்களைப் பார்ப்பதே அபூர்வம்!" என்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

நம் கல்யாணக் கச்சேரிகளில் பார்க்கும் கிட்டாருக்கு முகம் தட்டை, நடுவில் வட்ட ஓட்டை. ஆர்ச்டாப்புக்கு முகமும் முதுகும் வயலின்போல் உப்பியிருக்கும். இரண்டு பக்கமும் 'எஃப்' எழுத்து வடிவில் கீறல். ஓர் அங்குலத் தடிமனான ஸ்ப்ரூஸ் பலகையை உளியாலும் சின்ன இழைப்புளியாலும் செதுக்கி, நடுவில் கால் அங்குலம், ஓரத்தில் அதில் பாதி என்று மெலியவைக்கிறார்கள். தரையில் குவியும் மரச்சுருளைப் பார்த்தால், குப்பைக்கூடைக்கு மரம் வாங்கி மிச்சத்தில் கிட்டார் செய்ததுபோல் இருக்கும். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ ஊரில் ஆர்வில் கிப்ஸன் என்பவர் 1890களில் இப்படிச் செதுக்க ஆரம்பித்தார். அவர் பெயரில் 1902ல் கம்பெனி வந்தது. 1922ல் அந்தக் கம்பெனியின் எல்-5 என்ற மாடல் வந்தது. இவ்வளவும் முதல் ஊசிக்குள் முடிந்துவிட்டது.

இரண்டாவது ஊசிக்கு ஜான் டி'ஏஞ்செலிகோ. நியூயார்க்கில் இத்தாலியர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், கென்மேர் தெரு 40ஆம் எண்ணில், 1932ல் கடை போட்டவர். 1,164 கிட்டார்களைக் கணக்குப் புத்தகத்தில் எண் போட்டு எழுதிவைத்துவிட்டு 1964ல் போய்ச் சேர்ந்தார். கடையை எடுத்துக்கொண்டவர் சிஷ்யர் ஜிம்மி டி'அக்விஸ்டோ. அவரும் 1995ல் போய்விட்டார்.

"இரண்டு பேருக்கும் என்ன வயது தெரியுமா?" என்றார் டாக்டர், டிரில்லைக் கையில் பிடித்தபடி. "59! குருவுக்கும் 59, சிஷ்யனுக்கும் 59!"

அப்போது டாக்டருக்கு 58. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த டிரில்லைக் கீழே வைக்கச் சொல்லியிருப்பேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்தார். போனால், அங்கே அவரைப்போல் இன்னும் நான்கு பேர். ஒருவர் வக்கீல், ஒருவர் மயக்க மருந்து நிபுணர், மற்ற இருவர் எதிலிருந்தோ ஓய்வு பெற்றவர்கள். அன்றுதான் இது ஒரு மனிதரின் கிறுக்கு மட்டுமில்லை, ஒரு ஜாதியே இருக்கிறது என்று புரிந்தது. எல்லோரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். எல்லோரும் இருபது வயதில் வித்வானாக ஆகியிருக்க வேண்டியவர்கள், அப்பா விடவில்லை. நம் ஊரில் பாடகராகியிருக்க வேண்டியவர் பாங்க் அதிகாரியாகி, சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து தாளத்தைத் தப்பாகப் போடுகிறாரே, அவருடைய அமெரிக்கப் பங்காளிகள்.

நாம் "எந்த ஊர்?" என்று கேட்பதுபோல் இவர்கள் "பதினாறா, பதினேழா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். கிட்டாரின் இடுப்புக்குக் கீழே அகலம் எத்தனை அங்குலம் என்று அர்த்தம். பதினெட்டு என்று சொல்பவருக்கு நாற்காலி தருகிறார்கள். அடுத்த கேள்வி, "ஃப்ளோட்டிங்கா, செட்-இன்னா?" இது வடகலை, தென்கலை விவகாரம். ஒலியை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப்பை எங்கே வைப்பது என்பதுதான் வழக்கு. மாதக்கணக்கில் செதுக்கிய முகத்தில் சதுரமாக ஓட்டை போடுவதா, மகாபாவம், முகத்தைத் தொடாமல் மிதக்கவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் இந்தக் காலத்தில் எவன் வாசிக்கிறான், பிக்கப் மரத்தில் பதிந்தால்தான் சத்தம் கெட்டியாக வரும் என்பது இன்னொரு கட்சி. காஞ்சிபுரத்து யானைக்கு எந்த நாமம் என்று கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மயக்க மருந்து நிபுணரும் வக்கீலும் இதனால் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் அப்போது ஐந்து கிட்டார் இருந்தன. ஐந்தும் ஒரே நிறம்: நடுவில் தேன், ஓரத்தில் காப்பி டிகாஷன். சன்பர்ஸ்ட் என்பார்கள். "ஒரே நிறமாகவே ஏன் செய்யச் சொல்கிறீர்கள்?" என்று அப்பாவியாகக் கேட்டேன். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரின் மனைவிக்கு இன்றுவரை மொத்தம் மூன்று கிட்டார் என்றுதான் தெரியும். ஒன்றாகச் சேர்த்து வெளியே வைப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தந்திரம் தேவைப்படாத மகான் ஒருவர் இருந்தார். அதே நியூ ஜெர்சியில் டாம்ஸ் ரிவர் ஊரைச் சேர்ந்த ஸ்காட் சினெரி, சத்துப்பொடி வியாபாரத்தில் சம்பாதித்தவர். டி'அக்விஸ்டோ தனக்குச் செய்துகொடுத்த ஒரு நீலக் கிட்டாரைப் பார்த்துச் சொக்கிப்போய், 1990களின் நடுவில் 22 ஆசாரிகளிடம் ஆளுக்கொரு பதினெட்டு அங்குல ஆர்ச்டாப் கேட்டார். எல்லாமே அதே நீலம். கடைசியில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள். அவர் பெயரைச் சொல்லும்போது இந்த ஜாதியில் குரல் தானாகத் தாழும்.

ஆசாரி என்று நான்தான் சொல்கிறேன். அவர்கள் "மை பில்டர்" என்பார்கள். நம்மவர்கள் "எங்க ஜோசியர்" என்று சொல்லும்போது வரும் அதே உரிமை, அதே பயம். டாக்டர் தன் ஆறாவது கிட்டாருக்கு ஆசாரி தேர்ந்தெடுத்த விதத்தை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். கைத்திறன், மரம், விலை எல்லாம் பிறகு. முதலில் அவர் கேட்டது வயது. ஆசாரிக்கு 68. வருடத்துக்கு ஏழு கிட்டார் செய்கிறவர். டாக்டருக்கு முன்னால் வரிசையில் 14 பேர். அப்படியென்றால் இரண்டு வருடம்; நடுவில் மூட்டுவலி, பேத்தி கல்யாணம் என்று ஒரு வருடம் தள்ளினாலும் 71. எல்.ஐ.சி. ஏஜெண்டுகூட இவ்வளவு கவலையோடு கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. அந்த 59 அவரைப் பாடாய்ப்படுத்தியது. ஆசாரி சிகரெட் பிடிக்கிறாரா, பி.பி. எவ்வளவு, அப்பா எத்தனை வயதுவரை இருந்தார் என்று நைச்சியமாக விசாரித்தார். "பல் ஆரோக்கியத்துக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டு" என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பல் சுத்தம் செய்துவிடுவதாகவும் ஒத்துக்கொண்டார். ஆசாரி நான்கு மணி நேரம் கார் ஓட்டிவந்து வாயைத் திறந்தார். 58 வயதுக்காரர் 68 வயதுக்காரரின் ஆயுளைப் பற்றி இப்படிக் கவலைப்பட்டாரே தவிர, தனக்கு ஏதாவது ஆனால் என்ன என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது மரம். நாம் தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் ஆசாரி பலகையை ஒரு முனையில் பிடித்துத் தட்டிக் கேட்பார். டாக்டர் இதற்காகவே ஒரு நாள் கிளினிக்கை மூடிவிட்டுப் போய், பதினொரு பலகைகளைத் தட்டிக் கேட்டுவிட்டு வந்தார். போனில் பதிவுசெய்ததை எனக்கும் போட்டுக் காட்டினார். என் காதுக்குப் பதினொன்றும் 'டொக்'. அவர் நான்காவது 'டொக்'கில் கண்ணை மூடிக்கொண்டார். முகத்துக்கு ஸ்ப்ரூஸ், முதுகுக்கு வரிவரியாக மின்னும் மேப்பிள், மெட்டுப் பதிக்கும் பலகைக்குக் கருங்காலி. தந்திகளைக் கீழே கட்டும் டெயில்பீஸ், அதாவது வீணையில் நாகபாசம் என்போமே, அதுவும் கருங்காலி. டி'ஏஞ்செலிகோ அதைப் பித்தளையில், வானளாவிய கட்டடத்தின் படிக்கட்டு மாதிரி செய்தார்; பாப் பெனடெட்டோ என்ற ஆசாரியின் காலத்தில்தான் கருங்காலி பரவலாயிற்று. கருங்காலி தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வளரும் மரம் என்று சொன்னேன். டாக்டருக்கு என் மேல் முதல்தடவையாக மரியாதை வந்தது. கஷ்டம் தீர அதில் மாலை செய்து கழுத்தில் போடுகிறோம் என்றும் சொன்னேன். "பலன் உண்டா?" என்று கேட்டார். "உங்கள் கிட்டாரில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன்.

முன்பணம் போனது. இந்த ரகக் கிட்டார் பத்தாயிரம் டாலருக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம்; பெயர் வாங்கிய கையென்றால் முப்பதாயிரத்தைத் தாண்டும். பிறகு கர்ப்பகாலம். மாதம் ஒரு படம் ஈமெயிலில் வரும். ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்ப்பார்: இதோ கழுத்து, இதோ விலா எலும்பு. எனக்கு எல்லாமே பலகையாகத்தான் தெரிந்தது. ஆனால் சுமங்கலிப் பெண்கள்போல் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

என் வலது கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட்டது ஒன்பதாம் மாதப் படம் வந்த வாரம். இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக என் கையிலிருந்து 1,300 டாலர். பத்தாம் மாதப் படத்தில் நாகபாசத்தின் ஓரத்தில் சிப்பி இழைத்திருந்தது. எட்டாம் மாதம்வரை அந்த எண்ணமே இல்லை என்று வக்கீல் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிட்டார் வந்தது ஜனவரியில், பனிக்காலத்தில். குளிரில் வந்த பெட்டியை உடனே திறந்தால் மேல்பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும். வீட்டுச் சூட்டுக்கு ஒரு நாள் பழக வேண்டும். இரண்டேகால் வருடம் காத்தவர் இன்னொரு ராத்திரி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் கூட இருந்தேன். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் மறுநாள் திறந்தபோதுகூட இல்லை.

இந்த வாத்தியம் எதனால் பெயர் வாங்கியது என்று யோசித்தால் சிரிப்பு வரும். டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் கூட்டமாக முழங்கும் கச்சேரியில், மைக் இல்லாத காலத்தில், கிட்டாரும் காதில் விழுந்ததே என்பதால் பெயர் வாங்கியது. கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் ஃப்ரெடி கிரீன் 1937லிருந்து ஐம்பது வருடம் ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே வாசித்தார். டாக்டர் வாசிப்பது வீட்டின் அடித்தளத்தில், மனைவி தூங்கிய பிறகு. மரம் காயாமலிருக்க அறையில் ஈரக்காற்று இயந்திரம் ஓடும். அங்கே எடுப்பாகக் கேட்பது அதுதான். அதற்கு அடியில் டாக்டர் ஒரு பாட்டின் பல்லவியை வாசிப்பார். சரணம் வரும் இடத்தில் நிறுத்தி, "இந்த மரத்தின் ஒலி எப்படி?" என்பார். சரணத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

அவர் கிளினிக்கில் எப்போதும் ஜாஸ் கிட்டார் வித்வான் ஜிம் ஹாலின் 1960களின் ரெக்கார்டு ஓடும். ஒரு நாள் ஊசி போடுவதற்கு முன்பே, வாய் என் வசம் இருந்தபோதே கேட்டேன்: "டாக்டர், இது யார் செதுக்கிய கிட்டார்?"

கையுறையை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அது... கிப்ஸன் இ.எஸ்-175. 1949ல் வந்தது. 175 டாலர். அதனால்தான் அந்தப் பெயர்."

"முகம் என்ன மரம்?"

"மேப்பிள்."

"செதுக்கியதா?"

"வாயைத் திறங்கள்" என்றார்.

வக்கீல்தான் பிறகு சொன்னார். அது ஒட்டுப்பலகை. பிளைவுட். விலையும் குறையும், ஆம்ப்ளிஃபயரோடு வாசிக்கும்போது ஊளையிடுவதும் குறையும் என்பதற்காக அச்சில் அழுத்தி வளைத்தது. இவர்கள் தேடித்தேடிச் செதுக்கச் சொல்லும் அந்த 'ஜாஸ் நாதம்' பாதிக்குப் பாதி ரெக்கார்டில் பிளைவுட்தான். ஜிம் ஹாலும் பிற்பாடு டி'அக்விஸ்டோவின் செதுக்குக் கிட்டாருக்கு மாறினார் என்று டாக்டர் அடுத்த சிட்டிங்கில் பதில் சொன்னார். என் வாய் திறந்திருந்தபோது.

கேலி செய்துவிட்டேன், ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். டி'ஏஞ்செலிகோ கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ராத்திரி வாசித்துப் பகலில் தூங்கும் வித்வான்கள். இன்று நியூயார்க்கில் ஒரு ராத்திரி வாசித்தால் கிடைப்பதை வைத்துக்கொண்டு அப்படி ஒரு கிட்டாருக்கு முன்பணம்கூடக் கொடுக்க முடியாது. டாக்டரின் ஆசாரி வீட்டு உலையில் அரிசி வேகிறதென்றால் அது பல் டாக்டர்களாலும் வக்கீல்களாலும்தான். ராஜாக்கள் இல்லாத ஊரில் ரூட் கெனால்தான் சமஸ்தானம். அந்த வகையில் நானும் ஒரு சிற்றரசன்.

டாக்டருக்கு இப்போது 62. 59 கழிந்ததைக் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். போன வாரம் பார்த்தபோது, ஏழு தந்தி வைத்த ஆர்ச்டாப் ஒன்றைப் பற்றி, அதுவும் வேறோர் ஆசாரியிடம், வயது 44 என்று, கண்ணில் ஒரு பளபளப்போடு பேசினார். எனக்கு இடது பக்கம் கீழே ஒரு பல் பத்து நாளாகத் தெறிக்கிறது. நியூ ஜெர்சிப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிட வேண்டாம்.