20 கிலோ கல்லும் 22 வருட இடைவெளியும்

கேள்வி: குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸைத் துடைப்பத்தால் தேய் தேய் என்று தேய்க்கிறார்களே, இதுவும் ஒரு விளையாட்டா? (ஓய்வுபெற்ற தாத்தா, ஊன்ட்றொப்)

பதில்: சந்தேகமே வேண்டாம் ஐயா. இதன் பெயர் கேர்லிங். 1998இல் நகானோவில் தொடங்கி ஒவ்வொரு குளிர்கால ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கு இதில் பதக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன் தளம் முழுவதும் தண்ணீர்த் துளிகளைத் தெளித்து உறைய வைப்பார்கள். தூரத்திலிருந்து வழவழப்பாகத் தெரியும், தடவிப் பார்த்தால் சொரசொரக்கும். தேய்க்கும்போது அந்தப் பருக்கள் லேசாகச் சூடேறி உராய்வு குறைகிறது. ஐஸில் தள்ளிவிட்ட கல், நின்றுவிடும்போல் இருந்தாலும், இன்னும் சில மீற்றர் ஓடும், வளைவும் குறையும். அந்தத் துடைப்பத்தை அரை நிமிடம் அழுத்தித் தேய்த்தாலே மூச்சு முட்டும்.

கேள்வி: பவேரியாவில் பிடி வைத்த தட்டை ஐஸில் எறிந்து விளையாடுவதைப் பார்த்தேன். அதுவும் இதுவும் ஒன்றா? (லொறிச் சாரதி, ஹம்)

பதில்: இல்லை. நீங்கள் பார்த்தது ஐஸ்ஸ்ரொக். அதில் பிடி நிமிர்ந்து நிற்கும், துடைப்பம் கிடையாது. கேர்லிங்கில் கிட்டத்தட்ட 20 கிலோ எடையுள்ள கருங்கல்.

கேள்வி: ஜேர்மனியில் இதில் பெயர் வாங்கிய பெண் யார்? (பத்தாம் வகுப்பு மாணவி, ஊன்ட்றொப்)

பதில்: அன்ட்ரேயா ஷோப், தங்கச்சி. கார்மிஷ் பார்ற்றென்கியர்கென் ஊர்க்காரி. 1986இலும் 1987இலும் உலகப் பட்டத்துக்கான இறுதியாட்டம் வரை போய், இரண்டு தடவையும் கனடாவிடம் தோற்றார். 1988இல் கிளாஸ்கோவில் அதே கனடாவை வென்று தங்கம் எடுத்தபோது அவருக்கு வயது 23. ஐரோப்பியப் பட்டம் ஏழு தடவை. 1992 அல்பேர்வில் ஒலிம்பிக்கில் முதலிடம் பிடித்தார். ஆனால் அப்போது கேர்லிங் வெறும் காட்சிப் போட்டி என்பதால் அது பதக்கக் கணக்கில் ஏறவில்லை.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 2010 மார்ச், கனடாவின் ஸ்விஃப்ற் கரண்ட் நகரம். மறுபடியும் உலகப் பட்டத்துக்கான இறுதியாட்டம். எதிரே நின்றது ஸ்கொட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட். அவருக்கு 19 வயது, ஷோப்புக்கு 45. பத்துச் சுற்று முடிந்தும் சமநிலை. மேலதிகச் சுற்றில் 8–6 என்று ஷோப் வென்றார். இரண்டு உலகப் பட்டங்களுக்கும் இடையே 22 வருடம்! 1988 அணியில் இருந்த மொனிக்கா வாக்னரும் அன்று அவர் பக்கத்திலேயே நின்றார். தோற்ற மியூர்ஹெட்டும் விடவில்லை. 12 வருடம் கழித்து, 2022இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்.

கேள்வி: கல்லைத் தள்ளி வயிறு நிறையுமா? (மூன்று பெண் பிள்ளைகளின் அப்பா, டோட்முண்ட்)

பதில்: நிறையாது. அதனால்தான் ஷோப் புள்ளியியல் படித்து, மியூனிக் பல்கலைக்கழகத்தில் வேலையும் பார்த்தார். படிப்பு, வேலை, உலகப் பட்டம் மூன்றும் ஒரே பெண்ணின் கையில்.

கேள்வி: இந்த ஆட்டத்தில் மூளைக்கு என்ன வேலை? (கரம் பிரியர், ஏசன்)

பதில்: நீங்களே கேட்கலாமா! கரம் போட்டில் எதிராளியின் காயைத் தட்டிவிட்டு உங்கள் காயை மறைவில் நிறுத்துவீர்கள் அல்லவா, அதே கணக்குத்தான் இங்கும். ஒரு சுற்றில் ஒவ்வோர் அணியிலும் ஆளுக்கு இரண்டு கல்லாக நால்வர் எட்டுக் கல் விடுவார்கள். ஐஸில் வரைந்த வட்டத்தின் நடுவுக்குக் கிட்ட நிற்கும் கல்லுக்கே புள்ளி. கடைசிக் கல் யார் கையில் என்பதை வைத்தே முழுச் சுற்றையும் திட்டமிடுவார் தலைவி.

கேள்வி: கள்ள ஆட்டம் உண்டா? (ஊன்ட்றொப் வாசகர்)

பதில்: ஓடும் கல்லில் துடைப்பம் பட்டால், பட்டவரே வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்கிறார்கள். நான் இந்த விளையாட்டை மதிப்பதற்கு இதுவே போதும்.

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. ஐஸ் விளையாட்டில் ஆசை. "படிப்புக் கெட்டுவிடும், ஆம்பிளைப் பிள்ளை என்றால் பரவாயில்லை" என்கிறார் மாமியார். என்ன செய்ய? (ஒரு தாய், ஊன்ட்றொப்)

பதில்: அக்கா, மாமியாருக்கு மேலே உள்ள மியூனிக் பதிலை வாசித்துக் காட்டுங்கள். பரீட்சை என்றதும் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பெண் பிள்ளையின் விளையாட்டுத்தான். தம்பியின் உதைபந்துக்கு அந்தச் சட்டம் இல்லை. இது அநியாயம், நிறுத்த வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். கேர்லிங் மண்டபங்கள் ஹம்பேர்க்கிலும் தெற்கே ஃபூசனிலும் கார்மிஷிலும் இருக்கின்றன. தூரம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் காமாட்சி அம்மனின் தேர் பார்க்கப் பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் சனம் கார் ஓட்டி ஊன்ட்றொப்புக்கு வருகிறதே. மகளுக்காக ஒரு சனிக்கிழமை ஹம்பேர்க் வரை ஓட்டுங்கள். போகுமுன் கழகத்துக்கு எழுதி, புதியவர்களுக்கான பயிற்சி நாள் எது என்று கேட்டுவிடுங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள், தடித்த கம்பளிச் சட்டை மறக்க வேண்டாம்.