கோல் போன வலைக்குக் கூலி யாரு தருவா?

வாங்கடா வாங்க. நாலு பேரு தூக்கிட்டு வர்றதைப் பாத்ததும் எவனோ மண்டையைப் போட்டுட்டான்னு நெனச்சு எழுந்தே நின்னுட்டேன். வலையா? கொண்டாந்து இப்பிடி நெழல்ல போடு. தரையில இழுக்காத, அது இன்னா உங்க பாட்டன் வீட்டு வலையா? என் வலைடா. போன பொங்கலுக்கு நான் குடுக்கும்போது இதுல ஒரு கிழிசல் இல்ல. இப்ப எண்ணிட்டேன், 11 ஓட்டை. பத்து வருசம் கடல்ல கெடந்து, பாறையில மாட்டி, சுறாகிட்ட கடி வாங்கி, முழுசாக் கரையேறுன வலை. கரையில உங்ககிட்ட ஒரு வருசம் தாங்கல.

போன ஞாயித்துக்கெழமை திண்டிவனம் பக்கம் ஹாக்கி ஆடப் போயி ஒன்பது கோல் வாங்கிட்டு வந்தீங்களாமே? டீக்கடையில பேச்சு. போக வர பஸ் காசையும் பரோட்டா காசையும் கூட்டி ஒன்பதால வகுத்துப் பாருங்க, ஒரு கோலு இன்னா வெலை ஆச்சுன்னு தெரியும். இங்கயே என்கிட்ட சொல்லியிருந்தா நானே சும்மா அடிச்சிருப்பேன். சாயந்தரம் எனக்கு வேற வேலையும் இல்ல.

இன்னா கேப்டன், வாயைத் தொறந்து சொல்லு. கோல்கீப்பரை மாத்தணுமா? எவன் அவன்? தென்னை மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிறானே, அவனா? மரம் மறைக்கல பாரு. ஓகோ, அதனாலதான் புடிச்சு நிக்க வெச்சீங்களா! ஆளு அகலமா இருந்தா கோலு அடைஞ்சிடும்னு கணக்கு. கணக்குல நீங்க எல்லாம் அவ்வளவுதான்னு எனக்கு முன்னயே தெரியும். 12 அடி அகலம், 7 அடி உசரம். பெருக்கிப் பாரு, 84 சதுர அடி. உங்க வீட்டு அடுப்படி கூட அவ்வளவு வராது. இவனுக்கு மூணு வேளையும் பிரியாணியாப் போட்டாலும் அவ்வளவு எடத்தை அடைக்க முடியாது.

வேணும்னா நான் சுலபமான வழி சொல்றேன். கோல்போஸ்ட்டுல எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டுங்க. அப்புறம் எதிராளிப் பசங்களை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கூப்புட்டு, நம்ம பாய் கடையில உக்கார வெச்சு, ஆளுக்கு ரெண்டு தட்டு பிரியாணி வாங்கிக் குடுங்க. கோட்டக்குப்பத்துப் பிரியாணி வயித்துல எறங்குனப்புறம் எவனும் ஓட மாட்டான். இல்லையா, வலையைத் தைக்காமயே விட்டுடுங்க. பந்து இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடும். குனிஞ்சு எடுக்குற வேலை இவனுக்கு மிச்சம்.

சிரிக்கிறீங்க. அவன் சிரிக்கல பாரு.

தம்பி, இங்க வா. உன்னை எப்பிடிடா கோல்கீப்பர் ஆக்குனாங்க? மட்டை இல்ல, லேட்டா வந்தே, ஓட முடியல. சரிதானே? எல்லா ஊர்லயும் இதே கதைதான். கால்ல இன்னா கட்டியிருந்தே? கிரிக்கெட் பேடு. ஒண்ணு உன்னுது, ஒண்ணு எரவல். தலைக்கு பைக் ஹெல்மெட்டு. டேய் கேப்டன், ஹாக்கிப் பந்து இன்னா எடைன்னு தெரியுமா? 160 கிராம் வரும். ரப்பர் பந்து இல்ல, கல்லு. டிராக் ஃபிளிக் நல்லாப் போடுறவன் போட்டா மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல வரும். அந்த ‘டி’ கோட்டுலேர்ந்து வந்து சேர அரை விநாடி. நீங்க எல்லாம் காலுக்கு ஐயாயிரம் ரூபா ஷூ போட்டிருக்கீங்க. இவனுக்குக் கயிறு.

கேரளாவுல கிழக்கம்பலம்னு ஒரு ஊரு, எர்ணாகுளம் பக்கம். அங்க ஒரு விவசாயி. பையன் திருவனந்தபுரத்துல ஜி.வி. ராஜா ஸ்போர்ட்ஸ் ஸ்கூல்ல சேந்து கோல்கீப்பர் ஆயிட்டான். பேடு, கிக்கர்னு அந்தச் சாமானெல்லாம் வாங்கணும், கையில காசு இல்ல. மனுசன் இன்னா பண்ணாரு? கறக்குற பசுவை வித்துட்டாரு. அந்தப் பையன்தான் பி.ஆர். ஸ்ரீஜேஷ். 2021 ஆகஸ்டு 5, டோக்கியோ. ஜெர்மனிக்காரனோட 5-4ன்னு போயிட்டிருக்கு. ஆட்டம் முடிய ஒருசில விநாடி. அவனுக்கு பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தாரு. 1980ல நம்ம பாஸ்கரன் கேப்டனா மாஸ்கோவுல தங்கம் எடுத்ததுக்கு அப்புறம், 41 வருசம் கழிச்சு ஒலிம்பிக்ல ஒரு மெடல். முடிஞ்சதும் கோல்போஸ்ட்டு மேல ஏறி உக்காந்துட்டாரு, நம்ம பசங்க மதிலு மேல உக்கார்ற மாதிரி. பசு வித்த காசு வீணாப் போகல.

உங்களைப் பசுவை விக்கச் சொல்லல. உங்க வீட்டுல இருக்குறது பூனைதான். ஆளுக்கு ஐநூறு போட்டு, பழைய பேடா இருந்தாலும் ஹாக்கி பேடா வாங்கிக் குடுங்க. ஹெல்மெட்டுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

பேடு வந்துட்டா பந்து நின்னுடுமான்னா, அதுவும் இல்ல. சங்கர் லட்சுமண்னு ஒருத்தரு இருந்தாரு. ராணுவக்காரரு. 1956, 60, 64 மூணு ஒலிம்பிக்லயும் நின்னாரு. தலைக்கு ஒண்ணும் கெடையாது, அந்தக் காலத்துல ஏது ஹெல்மெட்டு? 56ல மெல்போர்ன்ல இந்தியா 38 கோல் போட்டுச்சு, வாங்குனது எத்தனை தெரியுமா? சுழி. 64ல டோக்கியோவுல பாகிஸ்தானை 1-0ன்னு ஜெயிச்சப்ப எனக்கு 13 வயசு. பஞ்சாயத்து ரேடியோவுல சேதி சொன்னான். எங்க நைனா, ‘ஒரு கோலுதான் போட்டானுங்களா’ன்னு சலிச்சிக்கிட்டாரு. நாலு கோலு வாங்காம விட்டது அவருக்குக் கணக்குல வரல. இன்னிக்கும் அதே கதைதான். போட்டவன் பேரு பேப்பர்ல வரும், தடுத்தவன் பேரு தப்புப் பண்ணாத்தான் வரும்.

மீர் ரஞ்சன் நேகி கதை தெரியுமா? 1982, டெல்லியில ஆசிய விளையாட்டு. பாகிஸ்தானோட ஃபைனல். 7-1ன்னு தோத்துட்டோம். கோல்ல நின்னவரு நேகி. நாட்டுல இருக்குற அத்தனை வாயும் அவரு மேலதான். காசு வாங்கிட்டாருன்னுகூடச் சொன்னானுங்க. ஏழு பந்தும் வானத்துலேர்ந்தா விழுந்துச்சு? மைதானம் 100 கஜம். அவ்வளவு தூரம் பத்துப் பேரைத் தாண்டித்தானே வந்துச்சு? அந்தப் பத்துப் பேரு பேரை எவனும் கேக்கல. 1998ல அதே மனுசன் கோல்கீப்பருங்களுக்குப் பயிற்சி குடுக்குறவரா பாங்காக் போனாரு. ஃபைனல் கொரியாவோட. ஆட்டம் சமனாகி பெனால்டிக்குப் போச்சு, ஆஷிஷ் பல்லால் தடுத்தாரு, தங்கம். அதுக்கு முந்தின ஆசியத் தங்கம் 1966ல. அந்த டீமுக்கு யாரு கேப்டன்? அதே சங்கர் லட்சுமண், கோல்கீப்பரு. ஏன் சொல்றேன்னா, கேப்டன்னா முடிக்கு மஞ்சச் சாயம் அடிச்சிக்கிட்டு நடுவுலதான் நிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல.

கோவிச்சிக்காத. உக்காரு. அந்தக் கடலைப் பாரு.

நீங்க பொறக்குறதுக்கு முன்னாடி இங்கேர்ந்து அலை வரைக்கும் நடந்து போனா காலு சுடும், அவ்வளவு மணலு. கரைவலை இழுக்க ரெண்டு பக்கமும் ஆளு நின்ன எடம். எண்பதுகளோட கடைசியில பாண்டிச்சேரியில துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள கல்லைக் கட்டுனாங்க. வருசத்துல பெரும்பாலான மாசம் மணலு தெக்கேர்ந்து வடக்கதான் நடக்கும். கல்லு மறிச்சிடுச்சு. மணலு அங்கயே தங்கிடுச்சு, பசியெடுத்த கடலு வடக்க இருக்குற கரையைத் தின்ன ஆரம்பிச்சுடுச்சு. தந்திராயன்குப்பத்துல வீடு போச்சு, தோப்பு போச்சு. சரின்னு இங்க தூண்டில் வளைவு போட்டாங்க. இங்க கொஞ்சம் நின்னுச்சு, அந்தாண்ட சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்னு போயி கடிக்குது. வீடு விழுந்தது இங்க. மணலு நின்னது எங்க? வீட்டுக்காரனைப் போயி, ‘ஏன்யா உன் செவுரு இவ்வளவு பலவீனமா இருக்கு’ன்னு கேக்குறதா?

நீங்க இவனைக் கேக்குறது அதுதான். பேரன் போன்ல புடிச்ச திண்டிவனத்து ஆட்டத்தை நானும் பாத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தரம் பாத்தேன். ஒன்பதுல ஆறு கோலு எங்க ஆரம்பிக்குது? நடுவுல ஒருத்தன் பந்தை வெச்சிக்கிட்டு, மூணு பேரைச் சுத்திக் காட்டப் போயி, தொலைச்சிட்டு, கையை இடுப்புல வெச்சி நிக்கிறான். பின்னாடி இருக்குற பேக்கு ரெண்டு பேரும் வேடிக்கை. அப்புறம் நாலு பேரு சேந்து இவன் ஒருத்தன் மேல வர்றான். இவன் தடுத்தா அதிசயம்டா. தடுக்கலன்னா அது சாதாரண நாளு.

பெனால்டி கார்னரும் அப்பிடித்தான். கோல்கீப்பரோட சேத்து அஞ்சு பேரு பின்கோட்டுல நிக்கலாம். அதுல மொத ஆளு ஓடிப் போயி அடிக்கிறவன் முன்னாடி உடம்பைக் குடுக்கணும். இந்தியா டீமுக்கு அமித் ரோகிதாஸ் அதைச் செய்வாரு. 2024 பாரிஸ், காலிறுதி, பிரிட்டன்காரங்களோட. 17வது நிமிசத்துல அவருக்கு சிவப்பு அட்டை. மிச்ச நேரம் பூரா பத்துப் பேரு. 1-1ன்னு புடிச்சு, ஷூட்-அவுட்ல 4-2ன்னு ஜெயிச்சாங்க. ஸ்ரீஜேஷ் மலை மாதிரி நின்னாரு. சரி, அடுத்த ஆட்டம் ஜெர்மனியோட, ரோகிதாஸுக்குத் தடை. அதே ஸ்ரீஜேஷ்தான் கோல்ல. 2-3. அதுல ஒரு கோலு பெனால்டி கார்னர்லதான் போச்சு. அவரு இல்லாததாலதான் தோத்தோம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உங்க டீமுல மொத ஆளா ஓடுறவன் எவன்? பந்து வரும்போது மொகத்தைத் திருப்பிக்கிட்டு, முதுகைக் காட்டிக் குந்துறானே, அவனா?

பாரிஸோட ஸ்ரீஜேஷ் ஓய்வு வாங்கிட்டாரு. அப்புறம் 2025 ஜூன். புரோ லீக்குக்கு ஐரோப்பா போயி வரிசையா ஏழு தோல்வி. அதுல ஆறு ஆட்டம் ஒரே ஒரு கோலு வித்தியாசம். உடனே டீக்கடையில ஆரம்பிச்சுட்டானுங்க, கோல்கீப்பரு சரியில்ல, பாதக்கும் சரியில்ல, கர்கேராவும் சரியில்லன்னு. செப்டம்பர்ல அதே பாதக், அதே கர்கேரா, ராஜ்கிர்ல ஆசியக் கோப்பை. ஃபைனல்ல கொரியாவை 4-1. மூணு மாசத்துல ரெண்டு பேருக்கும் புதுசா கையி மொளைச்சுடுச்சாக்கும்.

இப்ப நீ வா தம்பி. உனக்கும் ரெண்டு சேதி இருக்கு, தப்பிச்சிட்டேன்னு நெனைக்காத. இப்பிடி நில்லு. பாரு, முழங்காலை வெறைச்சு, கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறே. எங்க காலத்துல கட்டுமரத்துல இப்பிடி நின்னவன் மொத அலையிலயே தண்ணியில இருப்பான். முட்டியை மடக்கு. குதிகால்ல குந்தாத, பாரம் முன்னங்கால்ல இருக்கட்டும். கையை முன்னாடி கொண்டா. அலை இந்தப் பக்கம் தூக்குதா அந்தப் பக்கம் தூக்குதான்னு காலே சொல்லும். நாளைக்குக் காலையில என் மவன் ஃபைபர் போட்டுல ஏறி ஒரு மணி நேரம் நின்னுட்டு வா. வாந்தி வந்தா கடலைப் பாத்து எடு, போட்டுல எடுக்காத.

ரெண்டாவது, பந்தைப் பாத்துப் பாத்து ஏமாறுறே. நம்ம ஊரு செக்போஸ்ட்டைப் பாத்திருக்கியா? பாண்டிச்சேரிலேர்ந்து பைக்குல வர்றவன் பையில சரக்கு இருக்கான்னு நல்ல போலீஸ்காரன் பையைப் பாத்தாக் கண்டுபுடிக்கிறான்? அம்பது அடிக்கு முன்னாடியே மொகத்தைப் பாத்துடுவான். நீயும் அவன் தோளைப் பாரு, இடுப்பைப் பாரு, மட்டை எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாரு. ஷூட்-அவுட்ல அவனுக்கு எட்டே விநாடி. நீ கோட்டுலயே ஒட்டிக்கிட்டு நின்னா எட்டும் அவனுக்கு. முன்னாடி போயி மறிச்சா அஞ்சு உனக்கு வந்துடும். 2025 டிசம்பர்ல எழும்பூர்ல ஜூனியர் உலகக் கோப்பை நடந்துச்சே, பெல்ஜியத்தோட ஷூட்-அவுட். அந்த பிரின்ஸ்தீப் சிங் பையன் அவசரப்படாம நின்னான் பாத்தியா? சொல்லிக் குடுத்தவரு யாரு? பசு வித்தவரு மவன்தான், அப்ப அந்த டீமுக்குக் கோச்சு.

மூணாவது வாயி. ரெண்டு சேதின்னேன், மூணாயிடுச்சு, பரவால்ல. ஒன்பது கோல் போற வரைக்கும் உன் வாயிலேர்ந்து ஒரு சத்தம் வரல. மைதானம் பூரா மொகத்துக்கு நேரா தெரியிறது உனக்கு ஒருத்தனுக்குத்தான்டா. ‘எடது பக்கம் ஆளு வர்றான், மறி’ன்னு நீ கத்தலன்னா எவன் கத்துவான்? ஸ்ரீஜேஷ் ஆட்டம் பூரா கத்திக்கிட்டே இருப்பாரு. முடியலையா, மீன் மார்க்கெட்டுல உக்காந்திருக்குற எங்க வீட்டு ஆயாகிட்ட ஒரு வாரம் கூடை தூக்கு. அவ ‘சங்கரா’ன்னு ஒரு குரலு குடுத்தா ஈ.சி.ஆர்ல போற சென்னை பஸ்ஸு நிக்கும். நெசத்தைச் சொன்னா அவளையே கோல்ல நிக்க வெச்சிருக்கலாம். எந்தப் பேக்கும் எடத்தை விட்டு நகர மாட்டான்.

சரி, பேசிக்கிட்டே ஏழு ஓட்டை அடைச்சுட்டேன். மிச்சம் நாலு. ராத்திரிக்குள்ள முடிச்சுடுறேன், காலையில வந்து எடுத்துக்குங்க.

கூலியா? இப்ப வேணாம். அடுத்த ஆட்டத்துல விழுற ஒவ்வொரு கோலுக்கும் பத்து ரூபா. இவன்கிட்ட வாங்க மாட்டேன். அந்தப் பந்தை மொதல்ல தொலைச்சவன் எவனோ அவன் குடுக்கணும். பேரன் போன் புடிப்பான், கணக்கு தப்பாது. திண்டிவனத்துப் பாக்கி மட்டும் இன்னிக்கே வேணும், ஆறு பத்து அறுபது.

டேய் மஞ்ச முடி, எங்கடா நழுவுறே?